சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாய்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கான கறியைத் தராசில் போட்டுக்கொண்டே பாய் கேட்டார்: "டீச்சரம்மா, மூளை ஒண்ணு இருக்கு. எடுத்து வைக்கவா? முன்னெல்லாம் சொல்லி வச்சு வாங்குவீங்களே." வாழை இலைக் கிழிசல் ஒன்றின் மேல் அது ஈரமாக, வெளிறிய நிறத்தில் இருந்தது. பச்சை ரத்த வாசனையும் நனைந்த இலையின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. "இப்ப யாரும் கேக்கறதில்லைங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

முதன்முதலில் சொல்லி வைத்து வாங்கியது உனக்காக. முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்த உன்னைக் கறிக்கடை வாசனைதான் எனக்கு நினைவுபடுத்துகிறது. உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். ஞாபகமும் மூளை செய்கிற வேலைதான், மூளை நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவளிடம் இப்படிக் கேட்பது நியாயமில்லைதான். ஆனால் நான் உன் கட்சி இல்லையே. அதனால் கேட்கிறேன்.

அந்த நாளுக்கு முன் நாம் கல்லூரியில் பார்த்துக்கொண்டால் தலையசைப்பதோடு சரி. மாடியில் உன் தத்துவத் துறை, கீழே என் விலங்கியல் ஆய்வகம். ஒரு மத்தியானம் நீ இறங்கி வந்து ஆய்வக வாசலில் நின்றாய்.

"ஒரு மூளை பார்க்கணுங்க."

"எதுக்குங்க?"

"மனசுன்னா என்னன்னு பசங்களுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்தறேன். அது எங்கேருந்து வருதோ அதை ஒரு தடவைகூடக் கண்ணால பார்த்ததில்லை. வெக்கமா இருக்குங்க."

ஃபார்மலினில் கிடந்த ஆட்டு மூளையைக் கண்ணாடி ஜாடியோடு எடுத்துக் காட்டினேன். உனக்குத் திருப்தி இல்லை. "இது என்னங்க, ஊறுகாய் மாதிரி இருக்கு" என்றாய். அடுத்த ஞாயிறு என் வீட்டுக்கு வரச் சொன்னேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், சமையலறை மேடையில் இருந்த மூளையை உள்ளங்கையில் ஏந்தியதும் கைக்குட்டையை மறந்துவிட்டாய். "இவ்வளவு மெத்துனா இருக்கு" என்றாய். "இதை வச்சுக்கிட்டா நாம இந்தப் பாடு படறோம்?" நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சாமுவேல், "மேடம், பாடம் முடிஞ்சதும் குடுத்துட்டீங்கன்னா மிளகு போட்டு வறுத்துடலாம்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நீ கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாய்.

அதற்குப் பிறகு எப்போது நீங்க, வாங்க போய் நீ, வா வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மழைக்காலத்துக்குள் வந்துவிட்டது.

ஊர் நம்மைப் பார்த்து வியந்தது உண்மை. உயிரியல் படித்த நான் ஆத்துமா உண்டு என்பேன். உபநயனமும் உபந்நியாசமும் நடந்த வீட்டிலிருந்து வந்த நீ, அப்படி எதுவும் இல்லை என்பாய். "மனசுக்குன்னு தனி வீடு கிடையாது எஸ்தர். மூளை செய்யற வேலைக்குத்தான் மனசுன்னு பேரு. காலுக்கு நடை மாதிரி" என்பாய். "அப்ப நான் ஜெபம் பண்றப்போ?" என்று கேட்டால், "அதுவும் உசத்தியான வேலைதான். யாரு இல்லைன்னா?" என்பாய். சாயங்காலம் கல்லணைக் கால்வாயான புதாற்றின் கரையில் நடக்கும்போதெல்லாம் இதே சண்டைதான். தத்துவம் அறைக்குள் உட்கார்ந்து கண்ணை மூடி யோசிப்பதோடு நிற்கக் கூடாது என்பது உன் வாதம். "வெளியில போய்க் கேக்கணும். டாக்டரைக் கேக்கணும், உன்னைக் கேக்கணும், குழந்தை பேசப் பழகறப்போ பக்கத்துல உக்காந்து பார்க்கணும். இல்லைன்னா செக்குமாடுதான்."

வெளியில் போய்க் கேட்பது என்றால் என் வீட்டுக்குள் வந்து கேட்பது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாமுவேலுக்குப் பக்கவாதம் வந்தது குறுவை அறுவடை சமயத்தில். வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. வயலைப் பார்வையிடப் போன இடத்தில் வரப்பிலேயே சரிந்துவிட்டார். அன்று மருத்துவமனைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள் நீ. பிள்ளைகள் இல்லாத எங்களுக்கு அன்றைக்கு நீதான் எல்லாமும். கையெழுத்துப் போட்டாய், ரத்தம் கொடுக்க மாணவர்களைக் கூப்பிட்டாய், சீர்காழியில் இருந்த அவர் தங்கை லில்லிக்குச் செய்தி சொன்னாய். இதை நான் எந்தக் கோபத்திலும் மறந்ததில்லை. மறக்க முடிந்திருந்தால் உன்னை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அவர் பிழைத்துக்கொண்டார். இடது கையில் கொஞ்சம் தளர்ச்சி. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"எஸ்தர் எங்கேங்க?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "எதிர்லதானே நிக்கிறேன்."

"இல்லைங்க." மரியாதையாகத்தான் சொன்னார். "அச்சு அசலா அவளை மாதிரியே இருக்கீங்க. புடவைகூட அவளோடதுதான். ஆனா நீங்க அவ இல்லை. எங்கே போயிருக்கா, சொல்லுங்க."

என் திருமண வாழ்வில் முதல் தடவையாக அவர் என்னை 'நீங்க' என்றார். அன்றிலிருந்து அதுதான். லில்லியைத் தெரிந்தது. பக்கத்து வீட்டாரைத் தெரிந்தது. போதகரைத் தெரிந்தது. நீ வந்தால், "வாங்க மேடம், ஆட்டு மூளை மேடம்" என்று சிரிப்பார். என்னை மட்டும் தெரியவில்லை. நரம்பியல் டாக்டர், "இது அபூர்வமா வர்றதும்மா. ரொம்ப நெருங்கினவங்க விஷயத்துலதான் வரும். பொறுமையா இருங்க" என்றார். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார்.

புதாற்றங்கரையில் நீதான் எனக்கு அதைப் புரியவைத்தாய். கல்லணை திறந்து தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. "அழுதுட்டே கேளு, பரவாயில்லை" என்று ஆரம்பித்தாய். "முகத்தை அடையாளம் கண்டுக்கிறது மூளையில ஒரு வழி. அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே ஒரு இளக்கம் வருது பாரு, அது வேற வழி. அவருக்கு முதல் வழி நல்லா இருக்கு. ரெண்டாவது அடைபட்டுப் போச்சு. கண்ணு எஸ்தரைக் காட்டுது, உள்ளே ஒண்ணும் அசையலை. முப்பது வருஷமா உன்னைப் பார்த்தா அசைஞ்சது இப்ப அசையலைன்னா, மூளை ஒரு காரணம் தேடுமில்லையா? 'அப்ப இது எஸ்தர் இல்லை'ன்னு முடிவு கட்டுது. அவர் உன்னை வேண்டாம்னு சொல்லலை. உன்னைத் தேடிக்கிட்டிருக்கார்."

அவர் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடத்தைக் கடந்தேன். எங்கள் சபையில் எனக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். ஆத்துமாவை நம்பாத நீ சொன்னதுதான் என்னைத் தூங்க வைத்தது.

பிறகு அந்தத் தொலைபேசி. செய்முறைத் தேர்வு நடத்த வெளித்தேர்வாளராகத் திருத்துறைப்பூண்டிக்குப் போயிருந்தேன். மத்தியானம், அவருக்குத் துணையாக வந்து தங்கியிருந்த லில்லியின் போனுக்கு அடித்தால் அவர் எடுத்தார். "நான்தாங்க" என்றேன், பழைய வழக்கத்தில்.

"எஸ்தர்! எங்கே போயிட்டே நீ? எங்கேருந்து பேசறே? சாப்பிட்டியா?"

அந்தக் கல்லூரி வராந்தாவில், தவளைகளும் கரப்பான்களும் மேசை மேல் கிடக்க, மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் பேருந்து பிடித்து ஓடி வந்தேன். கதவைத் திறந்தவர், "வாங்க. எஸ்தர் போன் பண்ணினா. திருத்துறைப்பூண்டில இருக்காளாம்" என்று என்னிடமே சந்தோஷமாகச் சொன்னார்.

என் முகத்தைக் காணாமல் குரல் மட்டும் போனால் அவருக்கு நான் எஸ்தர். முகம் தெரிந்துவிட்டால் யாரோ ஒரு அம்மாள். அதற்குப் பிறகு அவருக்கென்று ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். தினமும் சமையலை முடித்துவிட்டுப் புழக்கடைக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முன்னறையில் இருக்கும் என் கணவரைக் கூப்பிடுவேன். பேசி முடித்து உள்ளே வந்து அவருக்குச் சோறு போடுவேன். அவர் "போதுங்க" என்பார்.

ஒருநாள் அவர் போனில் சொன்னதை உன்னிடம் மட்டும் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "எஸ்தர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. வீட்ல ஒரு அம்மா இருக்காங்க. நல்லவங்க. மீன் குழம்பு உன்னை மாதிரியே வைக்கிறாங்க. ஆனா நான் முன் ரூம்லதான் படுக்கிறேன். ராத்திரி தாப்பாள் போட்டுக்கிறேன். உனக்கு நான் எந்தத் துரோகமும் பண்ணலை. நீ நம்பணும்."

அதைச் சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். உன் கண்ணும் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன்.

அப்புறம் நீ கேட்க ஆரம்பித்தாய். போனில் பேசும்போது அவர் என்ன செய்கிறார், பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் என்ன ஆகிறது, கண்ணாடியில் என்னைப் பார்த்தால் என்ன சொல்கிறார். அக்கறை என்று நினைத்தேன். யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. ஒருநாள் சொன்னாய்: "அவரைக் கண்ணை மூடச் சொல்லிட்டு, பேசாம கையை மட்டும் பிடிச்சுப் பாரேன்." மருந்து போல ஏதோ சொல்கிறாய் என்று நம்பினேன். லில்லியை விட்டு, "அண்ணா, கண்ணை மூடிக்க, அண்ணிகிட்டேருந்து ஒண்ணு வந்திருக்கு" என்று சொல்லச் செய்தேன். அவர் குழந்தை மாதிரி மூடிக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன். அவர் விரல்கள் என் விரல்களை உடனே பின்னிக்கொண்டன. முகம் மலர்ந்தது. "வந்துட்டியா" என்றார். கண்ணைத் திறந்தார். சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க" என்றார். என்னிடம். அவமானத்தில் அவர் காதுகள் சிவந்துவிட்டன. அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

அதையும் உன்னிடம் வந்து சொன்னேன். "அப்படியா?" என்றாய். "கண்ணைத் திறந்தப்புறம் எவ்வளவு நேரத்துல கையை எடுத்தார்?"

அந்தக் கேள்வி அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து நகரத்தில் உன் பொது உரை ஒன்று ஏற்பாடானது. 'மனம் எங்கே இருக்கிறது?' என்று தலைப்பு. "கண்டிப்பா வரணும், முன்னாடி உக்காரணும்" என்று சொன்னாய். லில்லியை வீட்டில் விட்டுவிட்டு, உனக்குப் பிடித்த பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. நம் கல்லூரி முதல்வர், வக்கீல்கள், பள்ளி ஆசிரியர்கள், நம் மாணவர்கள், எங்கள் சபையிலிருந்துகூடச் சிலர். நீ பேசினால் கூட்டம் கட்டுப்பட்டு உட்காரும். எனக்குப் பெருமையாக இருந்தது.

பாதி உரையில், "எனக்கு மிக நெருக்கமான ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தாய். பெயர் சொல்லவில்லை. வேளாண்மைத் துறை சொன்னாய், பக்கவாதம் சொன்னாய், மனைவி கல்லூரி ஆசிரியை என்றாய். முதல்வர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார். புழக்கடையும் துவைக்கிற கல்லும் மேடையில் வந்தன. பிறகு, அவர் குரலைப் போலவே குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, நல்லவங்க. ஆனா நான் தாப்பாள் போட்டுக்கிறேன். உனக்கு நான் எந்தத் துரோகமும் பண்ணலை" என்று சொல்லிக் காட்டினாய்.

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. வேடிக்கையான ஒன்றைக் கேட்டால் வருகிற சாதாரணச் சிரிப்பு. நீ நிறுத்தினாய். தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாய். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, டம்ளரை வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாய். "நான் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கச் சொன்னேன்" என்றாய்.

சோதனை. அவர் காது சிவந்து, பட்டினி கிடந்த நாளுக்கு நீ வைத்திருந்த பெயர் அது.

உரையின் முடிவு அழகாகத்தான் இருந்தது. நாம் நேசிப்பவர்களின் முகம் என்று நினைப்பது முகம் மட்டும் அல்ல, நமக்குள் நடக்கிற ஓர் அசைவும் சேர்ந்தது என்று சொன்னாய். கைதட்டினார்கள். வாசலில் முதல்வர் என்னிடம், "வீட்ல சார் எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டார். அவரும் சிரித்தவர்தான். நான் உன்னைப் பார்க்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். "கூட்டம் எப்படிங்க இருந்துது?" என்று அவர் கேட்டார். நல்லா இருந்தது என்றேன்.

மறுநாள் சாயங்காலம் நீ வந்தாய். அவர் லில்லியோடு சபைக்குப் போயிருந்தார். நீ உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாய்.

"உன் பேரை நான் சொல்லலையே எஸ்தர்."

"சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னிருப்பே."

"அப்ப தெரிஞ்சேதான் கேக்கலை."

நீ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாய். பிறகு, "அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் வீட்ல இது மாதிரி இருக்கோ? பேய் பிடிச்சுதுன்னு கட்டி வச்சிருப்பாங்க. ஒருத்தராவது டாக்டர்கிட்ட போனா அது போதாதா? நடந்தது உனக்கு மட்டும் சொந்தமா?" என்றாய்.

"எனக்குச் சொந்தம் இல்லை. அவருக்குச் சொந்தம். அவர் பொண்டாட்டிகிட்ட ரகசியமா சொன்னது அது. அதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வச்சுட்டு..."

"சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரியும். அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னீங்களே."

உன் முகம் மாறியது. "நீங்களா?" என்றாய். நான் திருத்திக்கொள்ளவில்லை. நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். வாசல் கேட்டைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாய்.

அதற்குப் பிறகு கல்லூரியில் மறுபடியும் தலையசைப்பு. ஓய்வு பெற்ற பிறகு அதுவும் இல்லை. கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் உன்னைப் பந்தியில் பார்த்தேன். அதே நெற்றி, அதே மூக்குக் கண்ணாடி, இலையில் பாயசத்தை ஒதுக்கும் அதே விரல். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. யாரோ ஒருத்தி உன்னைப் போலவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாமுவேலுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் நீதான் தெரியவைத்தாய் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

இன்னொன்று. நான் கடைத்தெருவுக்கோ சபைக்கோ போகும் நேரம் பார்த்து நீ அவ்வப்போது வீட்டுக்கு வந்து அவரோடு உட்கார்ந்துவிட்டுப் போனாயாம். லில்லி வெகுகாலம் மறைத்து வைத்திருந்து சொன்னாள். "என்ன பேசுவாங்க?" என்று கேட்டேன். "என்னத்தைப் பேசறது அண்ணி, கேரம் ஆடுவாங்க. அண்ணன் ஜெயிச்சா கை தட்டுவாங்க." அன்பால் வந்தாயா? அடுத்த உரைக்கு விஷயம் சேர்க்க வந்தாயா? எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நீ மேடையில் செய்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய கெடுதல். கேரம் பலகைக்கு முன் கைதட்டுகிற உன்னைக்கூட நான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நீ போன செய்தி கல்லூரியின் வாட்சப் குழுவில் வந்தது. சென்னையில் உன் அண்ணன் வீட்டில், காலையில் மார்வலி, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். போனை வைத்துவிட்டுக் காய் நறுக்கினேன். நறுக்கி முடித்ததும் அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. முன்னறைக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். "ஆட்டு மூளை மேடமா?" என்றார். "நல்ல மனுஷிங்க." சற்று நேரம் கழித்து என் முகத்தைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"ஒரு உதவி பண்ணுங்க. எஸ்தர் போன் பண்ணினா நீங்க சொல்லிடாதீங்க. ரெண்டு பேரும் உசிரு. ஏதோ மனஸ்தாபம் போல, கொஞ்ச நாளா பேசிக்கலை. திடீர்னு கேட்டா தாங்க மாட்டா. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

சரி என்று சொல்லிவிட்டுப் புழக்கடைக்குப் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்ததும் என் மடியில் இருந்த போன் அடித்தது. முதன்முதலாக அவராகக் கூப்பிட்டிருந்தார்.

"எஸ்தர், உக்காந்திருக்கியா? முதல்ல எங்கேயாவது உக்காரு." பிறகு நீ போனதைச் சொன்னார். "அழணும்னா அழுதுடு. நான் போனை வைக்க மாட்டேன். உன் மேல தப்பா, அவ மேல தப்பா, எனக்குத் தெரியாது. அதெல்லாம் அப்புறம். இப்ப அழு."

நான் அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உனக்காக என்னை அழச் சொன்னவர், நீ யாரைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தாயோ அதே மனிதர்தான்.

அழுததால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் இரங்கல் கூட்டத்துக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். உன் உரையைக் கேட்டுவிட்டுத்தான் தன் அப்பாவை மந்திரிக்கிற இடத்திலிருந்து டாக்டரிடம் கூட்டிப் போனாளாம். மைக் முன் நின்று அதைச் சொல்லி அழுதாள். நீ சொன்னது பலித்துவிட்டது. ஒருத்தராவது போனார்கள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னேன். அவள் அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று, அன்று கரையில் நீ எனக்குச் சொன்ன அதே இரண்டு வழிகளையும் விளக்கினேன். 'அவர் உன்னைத் தேடிக்கிட்டிருக்காரும்மா' என்றேன். அவளுக்கு நல்லது நடந்ததால் எனக்கு நடந்தது சரியாகிவிடவில்லை. இரண்டும் அததன் இடத்தில் அப்படியே இருக்கின்றன.

உன் மாணவர்கள் நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். மறுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் இந்தக் கதையை விட்டுவிட்டு எழுத முடியாது. அதனால் நேற்று போனில் அவரிடமே கேட்டேன். மேடத்தைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள், நம் வீட்டுச் சங்கதியும் வரும், நீங்கள் என்னிடம் போனில் சொன்னதும் வரும், எழுதவா என்று.

"எழுது" என்றார். "மேடத்துக்காகன்னா எழுது. ஆனா ஒண்ணு. வீட்ல இருக்கிற அம்மாவைப் பத்தி எழுதினா மரியாதையா எழுது. என்னை இவ்வளவு நாளா பார்த்துக்கிறாங்க. அவங்களுக்குன்னு யாரும் இல்லை போலிருக்கு, பாவம். புழக்கடைக்குப் போய்த் தனியா உக்காந்துக்கிறாங்க. கண்ணெல்லாம் சிவந்து வர்றாங்க. கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க."

சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். நான் புழக்கடைக்குப் போவதை, திரும்பி வருவதை, என் கண்ணை, இத்தனை காலமும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அடைபட்டது என்று நீ சொன்ன வழியில் ஏதோ வர ஆரம்பித்திருக்கிறதா, இல்லை அறியாத ஒருத்தி மேல் புதிதாக வந்த இரக்கமா? டாக்டருக்குத் தெரியுமோ என்னவோ. எழுந்து நின்றதும் முதலில் தோன்றியது, புதாற்றங்கரைக்குப் போய் இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. எது நடந்தாலும் முதலில் உன்னிடம் ஓடிவந்து சொல்லத் தோன்றுவதும் குறையவில்லை.